கைத்தறி என்றும் இலவம் பஞ்சு என்றும் சொல்லி விற்கப்பட்ட படுக்கையறைத் துணிகள் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு.

பொருள்: இயற்கை இழைப் படுக்கையறைத் தொகுப்பு – சொன்னதற்கு மாறான பொருள்கள் வழங்கியமை – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மதுரையில் வசிக்கும் நான், எழுபத்தாறு வயதான என் தந்தையாரின் அறையை அவர் நிம்மதியாக உறங்கத் தக்கதாக மாற்றியமைக்க எண்ணி, கடந்த மார்ச் 14 அன்று உங்கள் நிறுவனத்திடம் ரூ. 64,300 செலுத்தி, இலவம் பஞ்சு மெத்தை ஒன்று, தலையணைகள் இரண்டு, கைத்தறிப் பருத்தி விரிப்புகள் நான்கு, சன்னல் திரைகள், பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய் ஆகியவை அடங்கிய தொகுப்பை வாங்கினேன். ரசீதிலும் உங்கள் விளக்க ஏட்டிலும் "முழுவதும் இயற்கை இழை" என்றே அச்சிடப்பட்டுள்ளது.

அளவெடுக்க வந்த உங்கள் பணியாளர் எங்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். மேற்கு வெயில் படும் அறை என்பதால் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பே போதும், சாயமேற்றாத காடாத் துணியில் திரை தைத்தால் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் மென்மையாக இறங்கும், கட்டிலைச் சுற்றிக் கண்ணை உறுத்தும் நிறமே வேண்டாம் என்று அவர் சொன்னவை அனைத்தும் எனக்குச் சரியாகப் பட்டன. அதை நம்பித்தான் தந்தையார் பல ஆண்டுகளாகப் படுத்து வந்த பழைய மெத்தையை அப்புறப்படுத்தினோம்.

முதல் வாரத்திலேயே அவர் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து உட்காரத் தொடங்கினார். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே முதுகு வியர்வையில் ஊறிவிடுகிறது என்றார். ஏப்ரல் பிறந்ததும் தோளிலும் முதுகிலும் வேர்க்குரு படர்ந்தது. வெயில்தான் காரணமாக இருக்கும் என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் மூன்றாவது சலவையில் விரிப்பின் மேல் சிறு சிறு நூல் உருண்டைகள் திரண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

என் தாயாரின் பிறந்தகம் மதுரையில் நெசவாளர்கள் வாழும் செல்லூர். பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) பார்த்து வளர்ந்தவள் என்பதால் முதலில் துணியின் கரையைத்தான் புரட்டிப் பார்த்தேன். கைத்தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்த் திரும்புவதால், ஊடை நூல் அறுபடாமல் கரையில் மடங்கி வரும். நீங்கள் அனுப்பிய விரிப்பிலோ ஒவ்வொரு ஊடை நூலும் வெட்டுப்பட்டு, கரை நெடுகப் பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கிறது; நாடா இல்லாத விசைத்தறியில் நெய்த துணிக்கே அப்படி இருக்கும். பிறகு பாவில் ஒரு நூலும் ஊடையில் ஒரு நூலும் உருவி அகல்விளக்கில் காட்டினேன். பாவு நூல் காகிதம்போல் எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. ஊடை நூல் சுருங்கி, உருகி, நுனியில் கடுகளவு கறுப்பு மணியாக இறுகியது. விரலால் எவ்வளவு நசுக்கியும் அது பொடியாகவில்லை. அது பாலியெஸ்டர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தலையணையின் தையலையும் பிரித்தேன். இலவம் பஞ்சு இளமஞ்சள் சாயலோடு பட்டுப்போல மினுங்கும், ஊதினால் பறக்கும், பிடிப் பஞ்சுக்கு ஓரிரு கருவிதையாவது கையில் அகப்படும். உள்ளே இருந்ததோ வெள்ளை வெளேரென்ற, இழுத்துவிட்டால் சுருண்டு திரும்பும் செயற்கை நார். அதன் மேல் ஒரு விரல் கனத்துக்கு மட்டும் இலவம் பஞ்சு பரப்பப்பட்டிருந்தது. மெத்தையை நான் பிரிக்கவில்லை. உங்கள் பணியாளரின் முன்னிலையில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அப்படியே வைத்திருக்கிறேன்.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "நீடித்து உழைப்பதற்காகக் கொஞ்சம் கலப்போம், பயன்படுத்துவதில் வேறுபாடு தெரியாது" என்று பதில் வந்தது. அதை என்னால் ஏற்க முடியாது. பருத்தி, காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும் இழை. பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. புழுக்கமான ஊரில் முதியவர் ஒருவர் இரவு முழுவதும் உடம்போடு ஒட்டிப் படுக்கும் துணியில், உறக்கத்தையே தீர்மானிக்கிற வேறுபாடு இது. சுவர் நிறமும் திரையும் எவ்வளவு பொருத்தமாக அமைந்தாலும், முதுகுக்குக் கீழே இருக்கும் துணி வியர்வையை வாங்காவிட்டால் அந்த அறையில் யாரும் உறங்க முடியாது. அசல் கைத்தறி என்று காட்டும் கைத்தறி முத்திரை 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது; உங்கள் விரிப்பு எதிலும் அதைக் காணவில்லை. கைத்தறி என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்தேன். அந்தக் காசு எந்தத் தறிக்காரர் வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை என்பது தனிப்பட்ட முறையில் எனக்குப் பெரிய வருத்தம்.

ஜமக்காளமும் பாயும் அசலானவை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாயின் கோரை மெல்லியதாகச் சீராக வகிரப்பட்டிருக்கிறது. தந்தையார் இப்போது அதை விரித்துத் தரையில்தான் படுக்கிறார். இவ்விரண்டையும் நான் திருப்பித் தரப் போவதில்லை. திரைகளைச் சோதித்ததில் அவையும் பருத்தியே என்று தெரிந்ததால் அவற்றைப் பற்றியும் புகார் இல்லை.

ஆகவே, மெத்தை, தலையணைகள், விரிப்புகள் ஆகியவற்றை உங்கள் செலவிலேயே எடுத்துக்கொண்டு, அவற்றுக்குரிய ரூ. 47,800-ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் திருப்பித் தருமாறும், அவற்றில் எந்த இழை எத்தனை சதவீதம் கலந்துள்ளது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், "முழுவதும் இயற்கை இழை" என்ற வாசகத்தை உங்கள் விளக்க ஏட்டிலிருந்து நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ரசீது நகலையும், கரையின் ஒளிப்படங்களையும், தலையணையிலிருந்து எடுத்த நாரில் ஒரு பிடியையும் இத்துடன் இணைத்துள்ளேன். மெத்தையைப் பிரித்துப் பார்க்க உங்கள் பணியாளர் எந்த நாளில் வருகிறார் என்பதை முன்கூட்டியே தெரிவித்தால் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.