முதல் ஊசியை வீட்டில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டீர்கள். எங்கள் பக்கத்தில், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும், மாத்திரையைவிட ஊசிக்குத்தான் மரியாதை. அதிலும் செஃப்ட்ரையாக்ஸோன் என்கிற ஆன்டிபயாடிக் நரம்பு ஊசி இப்போது ஆஸ்பத்திரியைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால், "சிஸ்டர், ஒரு எட்டு வந்து ஊசி போட்டுட்டுப் போங்களேன்" என்று ஆள் வந்துவிடும். போகிறேன். ஆனால் அது முதல் ஊசி என்றால் போட மாட்டேன் என்று சொல்லிவிடுவேன், அதில் சில ஆச்சிமாருக்கு என்மேல் வருத்தம்.

ஊசி வீட்டுக்கு வருவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெரிய பெரிய வீட்டில் வயதானவர்கள் ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள், பிள்ளைகள் சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் கிடையாது. அதனால் இரண்டு மூன்று நாளில் கையில் கேனுலாவோடும் (ஊசி ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் சிறு குழாய்) பையில் மிச்ச ஊசிகளோடும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இந்த மருந்து அதற்கு இடம் கொடுக்கிற மருந்து. உடம்பில் பாதியாகக் குறையவே 6 முதல் 9 மணி நேரம் வரை ஆகும், அதனால் பெரியவர்களுக்குப் பெரும்பாலான தொற்றுகளில் 1 அல்லது 2 கிராம், நாளுக்கு ஒரு முறை போதும். மற்ற ஊசிகளைப் போல எட்டு மணிக்கொரு தரம் ஆள் தேட வேண்டாம்.

இந்த "ஒரு முறை போதும்" என்பதை நம் ஆட்கள் நம்புவதில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காலையும் மாலையும் போட்டார்களே, எங்க ஐயாவுக்கு மட்டும் ஏன் ஒரு வேளை என்று சண்டைக்கு வருகிறார்கள். அந்தப் பையனுக்கு வந்தது மூளைக்காய்ச்சல், அதற்கு 12 மணிக்கொரு முறை 2 கிராம் போடுவார்கள். ஐயாவுக்கு வந்தது சிறுநீர்த் தொற்று. இரண்டும் ஒன்றா? குழந்தைக்கு என்றால் எடைக் கணக்கு, சாதாரணத் தொற்றுக்கு ஒரு கிலோவுக்கு 50 முதல் 75 மில்லிகிராம், மூளைக்காய்ச்சலுக்கு 100 வரை, எப்படிப் பார்த்தாலும் நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. இது பித்தம் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரகம் மட்டும் பழுது என்றால் பொதுவாக அளவைக் குறைக்க வேண்டியதில்லை, ஆனால் கல்லீரலும் சேர்ந்து கெட்டிருந்தால் 2 கிராமுக்கு மேல் போக மாட்டார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த செஃபெபைமுக்கு இந்தச் சலுகை கிடையாது. சிறுநீரகம் மோசமான முதியவருக்கு அதை முழு அளவில் போட்டால் ஆள் குழம்பிப்போய் என்னென்னவோ பேசுவார், வலிப்புகூட வரலாம். அதனால் "எல்லாம் ஒரே ஜாதி ஊசிதானே" என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கி வைப்பது ரொம்பத் தப்பு.

சரி, முதல் ஊசியை ஏன் வீட்டில் போட மாட்டேன் என்கிறேன்? அனாஃபிலாக்ஸிஸ் என்ற கடுமையான ஒவ்வாமை அபூர்வம்தான், ஆனால் வந்தால் நிமிடக் கணக்கில் வரும். உடம்பெல்லாம் தடிக்கும், குரல் மாறும், மூச்சு இழுக்கும், பிரஷர் இறங்கிவிடும். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தாச்சே என்பார்கள். முன்கைத் தோலுக்குள் ஒரு சொட்டு ஏற்றி, தடிக்கவில்லை என்று பார்ப்பது நம் நாட்டில் பழகிப்போன வழக்கம். தடிக்கவில்லை என்பதால் ஒவ்வாமை வராது என்று அர்த்தமில்லை, அந்தச் சோதனைக்கு அவ்வளவு நம்பகத்தன்மை கிடையாது. அதைவிட முக்கியம், இதற்கு முன் பென்சிலினோ இந்த வகை ஊசியோ போட்டு ஏதாவது ஆனதா என்று வாய்விட்டுக் கேட்பது. பென்சிலின் ஒவ்வாத நூறு பேரில் பத்துப் பேருக்கு இதுவும் ஒவ்வாது என்று எங்கள் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், அது மிகைக் கணக்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனாலும் பென்சிலினில் உயிர் போய்த் திரும்பியவர் என்றால் டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும், வாசலில் நிற்கிற கம்பவுண்டர் அல்ல.

ஒவ்வாமை வந்துவிட்டால் காப்பாற்றும் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், அதாவது ஆயிரத்தில் ஒன்று என்ற பலமுள்ள ஆம்பூலில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். வீட்டுக்கு ஊசி போட வருகிறவர்களின் பைகளில் நான் பார்த்தவரை அலர்ஜிக்குப் போடும் அவில் இருக்கும், ஸ்டீராய்டு ஊசியான டெக்ஸா இருக்கும், அட்ரினலின் இருக்காது. அந்த இரண்டும் அட்ரினலினுக்கு மாற்று கிடையாது. முதல் ஊசியைத் தாண்டிவிட்டால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், மூன்றாவது ஊசியில்கூட வரலாம். அதனால் யார் போட்டாலும் பையில் அட்ரினலின் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரமாவது, போட வந்தவரை முகப்பில் உட்கார வைத்துக் காப்பி கொடுங்கள், உடனே அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது, எதில் கலக்கிறார்கள், எதோடு விடுகிறார்கள் என்பது. பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் பார்த்தது இது. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஆயா (பாட்டி) படுத்திருக்கிறார், ஜன்னல் கம்பியில் பாட்டில் தொங்குகிறது. நம் ஊரில் எந்தப் பாட்டில் தொங்கினாலும் "குளுக்கோஸ் ஏறுது" என்பார்கள். கிட்டப் போய் லேபிளைப் பார்த்தால் ரிங்கர் லாக்டேட். அதில் கால்சியம் இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஊசி போட வந்த தம்பி அதே குழாயின் வாயில் செஃப்ட்ரையாக்ஸோனை ஏற்றத் தயாராக சிரிஞ்சைச் செருகிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே துகளாகத் திரியும், சில நேரம் கண்ணுக்குக்கூடத் தெரியாது. நிறுத்தச் சொல்லி, பாட்டிலை மூடி, சலைன் விட்டுக் குழாயைக் கழுவிய பிறகுதான் போடச் சொன்னேன். "இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலையே அக்கா" என்றார், அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

பெரியவர்களுக்கு இப்படி நடுவில் கழுவிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு அதுவும் கூடாது. கால்சியம் ஏறும் பச்சைக் குழந்தைக்கு இந்த ஊசியே ஆகாது, நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் துகள் படிந்து குழந்தைகள் இறந்ததைப் பார்த்துத்தான் 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. மஞ்சள் காமாலை உள்ள பச்சைக் குழந்தைக்கும் வேண்டாம், காமாலையில் ரத்தத்தில் கூடும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை ரத்தப் புரதத்திலிருந்து விடுவித்து மூளைக்கு அனுப்பிவிடும். இன்னொன்று, இடுப்பில் போடும்போது வலிக்காமல் இருக்க லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தில் கலப்பார்கள். அப்படிக் கலந்ததை மறந்தும் நரம்பில் ஏற்றக் கூடாது, இதயத் துடிப்பு தடுமாறும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தும் காய்ச்சல் இறங்காமல் இருக்கலாம். டைஃபாய்டு என்றால் சரியான மருந்து போட்டாலும் இறங்க நாலைந்து நாளாவது ஆகும், இரண்டாம் நாளே டாக்டரை மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மழைக்குப் பின் கருவேலங்காட்டுப் பக்கம் போய் வந்தவருக்கு வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் வேறு கதை. அது செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமி, செஃப்ட்ரையாக்ஸோன் எத்தனை கிராம் ஏற்றினாலும் அதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் என்ற வேறு ஆன்டிபயாடிக்குக்குத்தான் கேட்கும். அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது போல் கருகிய புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டெங்கு வைரஸுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே கிடையாது.

பழைய சீட்டைக் காட்டி ஊசி வாங்குவதும் நடக்கிறது. 2014 மார்ச் 1 முதல் இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 பட்டியலில் இருக்கிறது, யார் எழுதினார், யாருக்கு என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்துக் கடைகளில் அந்தப் பதிவேடு எப்படி இருக்கிறது என்று உங்கள் நிருபரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். இந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று வந்தால் உடனே ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க வேண்டாம், மருந்தே படிந்து கல் போலத் தெரியும், நிறுத்தினால் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசி ஓடும் நாட்களில் ஐ.என்.ஆர். என்ற ரத்த உறைவுப் பரிசோதனை பார்த்துக்கொள்ள வேண்டும், ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போகலாம்.

ஆஸ்பத்திரிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன், இதை நீங்கள் அச்சிட்டால் அவர்கள் கண்ணில் படும். டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை போட்டோ எடுத்து சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பி, அவர் வேலை முடிந்து ராத்திரி போனில் சொல்லித்தான் அப்பத்தாவுக்கு விஷயமே தெரிகிறது. மருந்தின் பெயர், அளவு, எதில் கலக்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் விட வேண்டும், கடைசி ஊசி எந்தத் தேதி, எதைக் கண்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று தமிழில் ஆறு வரி அந்தச் சீட்டின் கீழேயே எழுதிக் கொடுங்கள்.

— ஓய்வு பெற்ற செவிலியர், காரைக்குடி