தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை: குட்டை இட்லிப்பூவும் சேலத்து மண்ணும்

தலைவர் அவர்களுக்கும், வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. மே மாதக் கூட்டத்தை மட்டும் வெயிலுக்குப் பயந்து விட்டுவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி பற்றியும் அவரே பேசுவார், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பு முக்கால்வாசி ஒரே செடிக்குத்தான் போனது. போன பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, பூங்கா நடைபாதை ஓரத்திலும், கேட்ட உறுப்பினர்களின் வீடுகளிலும் குட்டை இட்லிப்பூ வைத்தோம். இடத்தை அடைக்காத செடி. இரண்டு மூன்று அடிக்கு மேல் போகாது. நல்ல வெயில் பட்டால் வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் பூக்கும். பூஜைக்கும் ஆகும். பிள்ளைகள் பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சுவார்கள் என்று ஒருவர் ஆட்சேபித்தார். நாம் எல்லோரும் உறிஞ்சித்தானே வளர்ந்தோம் என்று அதைத் தள்ளிவிட்டோம்.

மழைக்காலம் முடிவதற்குள் புகார்கள் வர ஆரம்பித்தன. எல்லா வீட்டிலும் ஒரே கதை. அடியில் உள்ள பழைய இலைகள் நல்ல பச்சை. நுனிக் கொழுந்து மட்டும் எலுமிச்சை மஞ்சள், அதில் நரம்புகள் பச்சைக் கோடாகத் தெரியும். சில செடிகளில் கொழுந்து வெளுத்து, ஓரம் கருகியும் போனது. உரம் பத்தவில்லை என்று பலர் யூரியா போட்டார்கள், சிலர் டிஏபி போட்டார்கள். டிஏபி போட்ட செடிகள் இன்னும் மோசமாயின. அதில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானால் இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். மண் காரமாக இருந்தால் அந்த இரும்பு கரையாது, வேருக்குக் கிடைக்காது. இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும், பி.எச். அளவு (7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5 முதல் 6 வரை இருந்தால் சுகமாக வளரும். நம் பூங்கா மண்ணைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்ததில் 8ஐத் தாண்டியிருந்தது.

நம் பகுதி எங்கே இருக்கிறது என்று யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. கோரிமேட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் சுண்ணாம்புக் கரடு. அங்கே தோண்டுகிற வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். அந்தப் பாறை சிதைந்து உண்டான மண் புளிப்பாக இருக்க வழியில்லை. அதற்காக ஊர் முழுக்க ஒரே மண் என்று சொல்ல வரவில்லை, தெருவுக்குத் தெரு மாறும். வீட்டிலேயே பார்க்க ஒரு சுலபமான வழி: காய்ந்த மண்ணை ஒரு தட்டில் போட்டு நாலு சொட்டு வினிகர் விடுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. டிசம்பர் கூட்டத்தில் ஆளுக்கொரு பொட்டலம் மண் கொண்டுவரச் சொல்லி இதைச் செய்தோம். அன்றைக்கு மாதிரி சுறுசுறுப்பான கூட்டம் இந்த ஆண்டு வேறு இல்லை.

சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. தோட்டத்தின் நடுவில் எடுத்த மண் பேசாமல் இருந்த வீடுகளில்கூட, காம்பவுண்டு சுவரை ஒட்டி எடுத்த மண் நுரைத்தது. கொத்தனார் கொட்டிவிட்டுப் போன கலவையும், பூச்சிலிருந்து இறங்கும் சுண்ணாம்பும்தான் காரணம். நாம் எல்லோரும் செடி வைக்கிற இடமோ சுவர் ஓரம்! போதாக்குறைக்கு போர் தண்ணீர். வாளியின் உள்பக்கம் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீரைத் தினமும் ஊற்றினால், எவ்வளவு நல்ல மண்ணும் நாளடைவில் காரமாகிவிடும்.

பிப்ரவரியில் ஏற்காடு போய் வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிலருக்கு வயிற்றைப் புரட்டியதைத் தவிரப் பயணம் நன்றாகவே இருந்தது. மேலே ஒரு காபித் தோட்டத்து வீட்டு வாசலில் இதே இட்லிப்பூ, யாரும் உரம் போடாமல், கரும்பச்சை இலையோடு நிற்கிறது. சில்வர் ஓக் மரத்தடியில் மக்கிய இலையைக் கையில் எடுத்தால் உதிர்கிறது. அந்த மண் வினிகருக்கு அசையவே இல்லை. அங்கே நீலமாகப் பூத்திருந்த ஹைட்ராஞ்சியாவைப் பார்த்து ஆசைப்பட்டுத் தொட்டியோடு வாங்கி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: புளிப்பு மண்ணில்தான் அந்தச் செடி அலுமினியத்தை எடுத்து நீலமாகப் பூக்கும். நம் தண்ணீரை ஊற்றினால் அடுத்தடுத்த பூக்கள் ரோஸ் நிறத்துக்குத் திரும்பும். நம் வெயிலைத் தாங்கினால்தான் அதுவும்.

சரி, வைத்த செடிகளை என்ன செய்வது? பூங்காவில் செய்ததைச் சொல்கிறேன். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, சாயங்காலத்தில் இலை நனையத் தெளித்தோம். பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு மறுபடியும் தெளித்ததில் புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. தரை, டைல்ஸ் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருக்கறை விழுந்தால் போகாது. பூங்காத் திண்ணையில் அந்தக் கறையை இன்றைக்கும் பார்க்கலாம். அன்னபேதியை நம் மண்ணில் நேராகப் போடுவது வீண், சீக்கிரமே கரையாத வடிவமாகிவிடும். கடையில் செலேட் இரும்பு (மண் கட்டிப்போடாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு) கேட்டால் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. (EDTA) வகையைத்தான் கொடுப்பார்கள். அது தெளிக்க ஆகும், கார மண்ணில் நிலைக்காது. வேரில் ஊற்றுவதென்றால் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள், விலை அதிகம்தான்.

இதெல்லாம் அவ்வப்போதைக்குத்தான். தரை மண்ணோடு மல்லுக்கட்டுவதைவிடத் தொட்டியிலோ உயர்த்திக் கட்டிய பாத்தியிலோ வைப்பது மேல் என்பது என் கருத்து. செம்மண், மக்கிய இலை, அலசிய தென்னை நார்க்கழிவு கலந்து நிரப்பி, மழைத்தண்ணீரை ஊற்றலாம். 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது போட்ட மழைநீர்க் குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதன் அடியில் ஒரு டிரம் வைத்தால் போதும்.

கவாத்து விஷயத்தில் எழுந்த சச்சரவு உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு அழகாக இருக்கட்டும் என்று வேலி வெட்டுகிற கத்தரியால் மொத்தச் செடியையும் சதுரமாக வெட்டிவிட்டார்கள். இந்தச் செடி கிளை நுனியில்தான் பூக்கும். நுனியை மழித்தால் மொட்டும் போச்சு. இனி வாடிய பூங்கொத்தை மட்டும், அடியில் ஓர் இணை இலையோடு கிள்ளினால் போதும் என்று குழு முடிவு செய்தது. அப்புறம், செடியில் எறும்பு வரிசை கண்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள், மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் போதும்.

நாம் வாங்கிய கன்றுகளில் ஒரு பகுதி குட்டை ரகமே இல்லை, இப்போதே இடுப்பளவு வளர்ந்துவிட்டன. கொடுத்தவரிடம் கேட்டோம், மாற்றித் தர மறுத்துவிட்டார். அடுத்த முறை உயரத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். இலை சின்னதாக, கணுக்கள் நெருக்கமாக இருந்தால்தான் குட்டை ரகம்.

வரும் ஆண்டுக்குக் குழு வைக்கும் முன்மொழிவு இரண்டு. பூங்காவின் புதுச் சுவர் ஓரத்தில் இட்லிப்பூவை எடுத்துவிட்டு அரளி வைப்பது. எடுத்த செடிகளை நுழைவாயிலில் உயர்த்திக் கட்டும் பாத்திக்கு மாற்றுவது. அரளி விஷம் என்பதால் பிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டாம் என்று ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அதையும் சேர்த்தே வாக்குக்கு விடலாம். மழைக்கு முன் ஒடித்து வைத்த இட்லிப்பூ போத்துகள் வேர்விட்டுப் பைகளில் தயாராக மேடைக்குப் பின்னால் இருக்கின்றன. தொட்டி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்