மான்செஸ்டர் வரலாற்றில் விடுபட்ட பீட் ஷெல்லி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான்செஸ்டர் நகர இசையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1976 ஜூன் 4 அன்று லண்டனின் பங்க் (ஆவேசமும் எளிமையும் கொண்ட ராக் இசை வகை) குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் அங்கு நடத்திய கச்சேரியில் தொடங்கி, நேராக அந்நகரின் ஜாய் டிவிஷன் குழுவுக்கும் ஃபாக்டரி இசைத்தட்டு நிறுவனத்துக்கும் போய்விடுகிறது. மான்செஸ்டரின் பங்க் குழுவான பஸ்காக்ஸின் கிடார் கலைஞர் பீட் ஷெல்லிக்கு அதில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறையாகப் பட்டதால் இதை எழுதுகிறேன்.

அந்த லண்டன் குழு தானாக வந்துவிடவில்லை. மான்செஸ்டரை அடுத்த போல்ட்டனில் மாணவர்களாக இருந்த ஷெல்லியும், பஸ்காக்ஸின் முதல் பாடகரான ஹோவர்ட் டெவோட்டோவும் அவ்வாண்டு பிப்ரவரியில் அவர்களுடைய கச்சேரியைத் தேடிப்போய்க் கேட்டுத் திரும்பி, லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற சிறிய அரங்கை ஏற்பாடு செய்து அழைத்ததால்தான் வந்தார்கள். அன்று கூடியவர்கள் மிகச் சிலரே. (பின்னாளில் ‘நானும் இருந்தேன்’ என்று சொன்னவர்களைக் கூட்டினால் எந்த அரங்கும் கொள்ளாது.) அந்தச் சிலருள் பிற்காலத்தில் ஜாய் டிவிஷனைத் தொடங்கிய பீட்டர் ஹுக்கும் பெர்னார்ட் சம்னரும் இருந்தார்கள்.

அந்த இரவைக் காட்டிலும் பெரிய நிகழ்ச்சி, 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் வெளியிட்ட ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற நான்கு பாடல் இசைத்தட்டு என்பேன். ஷெல்லியின் தந்தையிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, ஒரே நாளில் ஒலிப்பதிவை முடித்து, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு நிறுவனப் பெயரையும் வைத்துக்கொண்டு, முதலில் 1,000 பிரதிகள் அச்சிட்டார்கள். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முறை வாசித்தபோது பதிவானது என்ற விவரத்தை உறையிலேயே போட்டிருந்தார்கள். அதைப் படிக்கும் இளைஞனுக்குத் தானும் செய்து பார்க்கலாம் என்று தோன்றாமல் இருக்குமா? ‘போர்டம்’ பாடலில் ஷெல்லி இரண்டே சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்து கிடாரின் தனி வாசிப்பு ஒன்றையே முடித்துவிடுகிறார். இந்தத் தட்டைத் தயாரித்த மார்ட்டின் ஹானெட்தான் 1979இல் ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பத்தையும் தயாரித்தார். அவ்வாண்டு பஸ்காக்ஸ் தங்கள் சுற்றுப்பயணத்தில் அந்தக் குழுவையே உடன் அழைத்துச் சென்றது.

டெவோட்டோ விலகியபின் பாடகராகவும் ஆன ஷெல்லி, பங்க் என்றாலே அரசியல் ஆவேசம் என்றிருந்த காலத்தில், காதலில் படும் அவமானத்தை மூன்று நிமிடத்துக்குள் அடக்கி எழுதினார். இருபால் ஈர்ப்பு கொண்டவரான அவர், பாடலில் விளிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபடி வேண்டுமென்றே வரிகளை அமைத்தார். 1978இல் பிரிட்டிஷ் தரவரிசையில் 12ஆம் இடம் வரை சென்ற ‘எவர் ஃபாலன் இன் லவ்’ அவ்வகையில் உச்சம். 1980களின் மான்செஸ்டர் குழுவான தி ஸ்மித்ஸின் பாடல்களில் நாம் கேட்கும் தற்கேலி கலந்த ஏக்கத்துக்கு வழி இங்கே திறந்தது என்பது என் கணிப்பு.

2018 டிசம்பரில் எஸ்டோனியாவின் டாலின் நகரில் மறைந்த ஷெல்லியைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.