இடது கை முதலில்

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மையைப் பார்த்தேன். முட்டுவலிக்குத் தேய்க்கிற எண்ணெய் தீர்ந்து போயிருந்தது, வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மற்றபடி நல்ல சுகம். சாயாவும் ஏத்தன் பழமும் தராமல் விடவில்லை. இங்கே மழை விட்டபாடில்லை. மரத்தில் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டிய ரப்பர் தோட்டங்களில் மட்டும் பால்வெட்டு நடக்கிறது, மற்ற இடமெல்லாம் நின்று கிடக்கிறது. அதனால் சாயங்காலம் ஜிம்மில் பயல்கள் கூட்டம் அதிகம். திற்பரப்பில் வெள்ளம் கலங்கி விழுவதால் குளிக்க விடவில்லை என்றார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படி.

இடது கை வலது கையைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு, இடது நெஞ்சும் கொஞ்சம் உள்ளடங்கித் தெரிகிறது, அதற்காகத் தினமும் இடது கைக்கு மட்டும் தனியாக நாலு செட் (சுற்று) போடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த நாலு செட்டை இன்றோடு நிறுத்து. பலம் குறைந்த கைக்கு ஓய்வும் கொடுக்காமல் சுமையை மட்டும் ஏற்றினால் தசை வளருவதற்கு முன்பே முழங்கை நரம்பு மூட்டெல்லாம் வலிக்க ஆரம்பிக்கும். அப்புறம் இரண்டு மாதம் எதையும் தூக்க முடியாது. முதலில் ஏன் குறைந்தது என்று பார்ப்போம்.

பத்தாம் வகுப்பில் அயனி மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை முறிந்தது நினைவிருக்கிறதா? வைத்தியசாலையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஓணப் பரீட்சை முழுக்க அப்படியே வந்து உட்கார்ந்திருந்தாய். நீ கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எனக்கு முதலில் தோன்றியதே அதுதான். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி முழுக்க நீட்டிப் பார். இடது முழங்கை கொஞ்சம் மடங்கியே நிற்கிறதா? அல்லது முன்கை வேறு கோணத்தில் விலகிப் போகிறதா? அப்படி இருந்தால் அது எலும்பு சேர்ந்த விதம். அதை எந்த டம்பெல்லும் மாற்றாது. ஆனால் நேர் பாரில் கர்ல், அதாவது முழங்கையை மடக்கி எடையைத் தூக்குகிற பயிற்சி, அடிக்கும்போது அந்தக் கை தன் வழியில் போக முடியாமல், பாதி வேலையை வலது கையிடம் விட்டுவிடும். இத்தனை வருஷமாக நீ நேர் பாரில்தான் அடித்துக்கொண்டு இருக்கிறாய்.

இரண்டாவது உன் வேலை. ஏசி வேலைக்கு டூல் பையை எந்தத் தோளில் மாட்டுகிறாய்? ஏணியில் எந்தக் கால் முதலில் ஏறுகிறது? டிரில் எந்தக் கையில்? எல்லாம் வலது என்றுதான் நீ சொல்வாய். ஜிம்மில் இருப்பது ஒரு மணி நேரம், வேலையில் இருப்பது பத்து மணி நேரம். இங்கே குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வருகிறான், பால்வெட்டுக்காரன். ரப்பரில் வெட்டு எப்போதும் இடது மேலிருந்து வலது கீழாகத்தான் சரியும், பால்குழல்கள் பட்டைக்குள் சாய்ந்து ஓடுகிற விதம் அப்படி. ஆக, மரம் மரமாக அவன் உடம்பு ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி வேலை செய்கிறது. பிறகு பால் வாளியைத் தூக்குவதும் அதே வலது கை. சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான், இடுப்புக்கு மேலே வலது பக்கம் கயிறு மாதிரி திரண்டிருந்தது. அவனிடம் நான் முதலில் சொன்னது வாளியைக் கை மாற்றித் தூக்கு என்பதுதான். டூல் பை விஷயத்தில் உனக்கும் அதையே சொல்கிறேன்.

மூன்றாவதைக் கவனமாகப் படி. இந்த வித்தியாசம் வருஷக்கணக்காக இருக்கிறதா, இல்லை சில மாதங்களில் திடீரென்று வந்ததா? கழுத்திலிருந்து கைக்கு மின்சாரம் பாய்கிற மாதிரி வலி, விரல் மரத்துப் போவது, முன்பு தள்ளிய எடையை மேல்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ் இடது பக்கம் தள்ள மறுப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளும்போது ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு சிறகு மாதிரி வெளியே எழும்புவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது நரம்புச் சங்கதியாக இருக்கலாம். கழுத்தில் ஏழாவது நரம்பு அழுத்தப்பட்டாலே ட்ரைசெப்ஸ் பலம் இழந்து சுருங்கும். அங்கே உடனே டாக்டரைப் பார். ஊருக்கு வந்து பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதே. பிறவியிலேயே ஒரு பக்க நெஞ்சுத் தசையின் ஒரு பகுதி இல்லாமல் பிறக்கிறவர்களும் உண்டு. 1841-இல் லண்டனில் ஆல்ஃபிரட் போலண்ட் என்பவர் எழுதி வைத்ததால் அதற்குப் போலண்ட் சிண்ட்ரோம் என்று பெயர். உனக்கு அது இல்லை, சின்ன வயதில் ஆற்றில் சேர்ந்து குளித்த எனக்குத் தெரியும். ஆனால் உன் கூட அறையில் இருக்கும் பையன் நெஞ்சு ஒரு பக்கம் வளரவே இல்லை என்று வருத்தப்படுவதாக எழுதியிருந்தாயே, அவனைக் காட்டச் சொல்.

இது மூன்றும் பார்த்து நரம்புக் கோளாறு எதுவும் இல்லை என்றால், வைத்தியம் எளிது. ஆனால் மெதுவானது.

பார்பெல்லை ஒதுக்கி வை. பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ், கர்ல், ரோ எல்லாவற்றையும் டம்பெல்லிலும் ஒற்றைக் கை கேபிளிலும் செய். பாரில் இரண்டு கையும் ஒரே இரும்பைப் பிடிப்பதால் பலமுள்ள கை சத்தமில்லாமல் கூடுதல் சுமையை எடுத்துக்கொள்ளும். ரெண்டு பேர் துடுப்புப் போடுகிற வள்ளத்தில் ஒருவன் மட்டும் ஓங்கிப் போட்டால் வள்ளம் திரும்புவது போல பார் திரும்பும், நீ கவனிக்கக்கூட மாட்டாய்.

ஒவ்வொரு செட்டையும் இடது கையில் தொடங்கு. சோர்வு இல்லாத நேரம் அதற்குக் கிடைக்க வேண்டும். இடது கை ஒழுங்கான முறையில் எட்டு ரெப்ஸ் (எட்டுத் தடவை) எடுத்தால், வலதும் அதே எடையில் எட்டு எடுத்து நிறுத்த வேண்டும். பன்னிரண்டு எடுக்க முடிந்தாலும் எட்டுதான். மக்கா, இதுதான் கஷ்டம். வலது கை இளைத்துவிடுமோ என்று நீ பயப்படுவாய், இங்கே எல்லாப் பயல்களும் பயப்படுகிறார்கள். வளர்க்கத் தேவைப்படும் வேலையைவிட, வளர்ந்ததைக் காப்பாற்றத் தேவைப்படும் வேலை மிகவும் குறைவு. வலது கை இருந்த இடத்தில் நிற்கும், இடது எட்டிப் பிடிக்கும். ஒன்றரை மாதம் இப்படிப் போ. அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு செட் இடது கைக்குக் கூடுதலாகச் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் சில வாரங்களில் அளவு ஏறாது, பலம் மட்டும் ஏறும். மனம் தளராதே. அந்த நேரத்தில் மாறுவது பெரும்பாலும் மூளைக்கும் தசைக்கும் இடையே உள்ள ஓட்டம்தான். இடது நெஞ்சு வேலை செய்வதே தெரியவில்லை என்கிறாய். அப்படியானால் எடையைக் குறைத்து, இறக்குவதை மூன்று நொடிக்கு இழுத்து, மேலே ஒரு நொடி இறுக்கிப் பிடி. ஒற்றைக் கையில் கேபிள் செய்யும்போது மறு கையால் அந்தத் தசையைத் தொட்டுக்கொண்டே செய். தொட்டால் மனம் அங்கே போகும்.

இன்னொரு ஆச்சரியம் சொல்கிறேன். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் மறு கையின் பலமும் ஓரளவு ஏறும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சரும் அவர் கூட்டாளிகளும் 1894-லேயே இதைக் கண்டு எழுதினார்கள். கட்டுப் போட்ட கைக்குக்கூட இதனால் நன்மை உண்டு. ஆனால் ஏறுவது பலம், தசையின் பருமன் அப்படித் தாவாது. அதனால் வலது கையை நன்றாக அடித்தால் இடதும் தானாக வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

தரையிலிருந்து பாரைத் தூக்குகிற டெட்லிஃப்டில் ஒரு கை உள்ளே ஒரு கை வெளியே பிடிக்கிறாய், வீடியோவில் பார்த்தேன். எப்போதும் இடது உள்ளங்கைதான் முன்னால் திரும்பியிருக்கிறது. அந்தப் பிடியில் திரும்பிய கையின் பைசெப்ஸ் (மேல்கை முன்தசை) தசைநார் கிழிய வாய்ப்பு அதிகம். முதுகும் சமமில்லாமல் இழுபடும். இரண்டு கையையும் ஒரே மாதிரி பிடி, பிடி நழுவினால் மணிக்கட்டில் ஸ்ட்ராப் போட்டுக்கொள். காலுக்குப் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் (பின்காலைப் பெஞ்சில் வைத்து ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது) போதும், அதையும் இடது காலிலிருந்து தொடங்கு.

அளப்பதில் உனக்கு ஒழுங்கு இல்லை. காலையில், பயிற்சிக்கு முன்னால், தோள் எலும்புக்கும் முழங்கை எலும்புக்கும் நடுவில் மையால் ஒரு புள்ளி வைத்து அங்கே மட்டும் டேப்பைச் சுற்று. பயிற்சியில் ரத்தம் பாய்ந்து புடைத்த, பம்ப் ஏறிய கையை அளந்தால் எந்தக் கையைக் கடைசியாக அடித்தாயோ அது பெரிதாகத் தெரியும். மாதம் ஒரு முறை போதும். அரை சென்டிமீட்டர் வித்தியாசம் இல்லாத மனிதனை நான் பார்த்ததில்லை, அந்த அளவுக்கு வந்ததும் விட்டுவிடு. பைசெப்ஸின் உச்சி இடது கையில் தட்டையாக இருக்கிறது என்கிறாயே, அது தசைநார் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வயிற்றுக் கட்டைகள் நேருக்கு நேர் வராததும் அப்படித்தான். அவற்றைப் பற்றிக் கவலைப்பட்டு ஒரு இரவுத் தூக்கத்தைக்கூடக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆணழகன் போட்டி மேடை பற்றிக் கேட்டாய். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது இந்தப் போட்டி பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1901 செப்டம்பர் 14-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் யூஜின் சாண்டோ என்ற பலசாலி நடத்திய முதல் பெரிய போட்டியிலேயே, பருமனோடு உடம்பின் சமநிலைக்கும் மதிப்பெண் இருந்தது. பக்கவாட்டில் நின்று காட்டுகிற சைடு செஸ்ட், சைடு ட்ரைசெப்ஸ் இரண்டிலும் எந்தப் பக்கம் காட்டுவது என்று நீயே தேர்ந்தெடுக்கலாம். வலதைக் காட்டு, அதில் தவறே இல்லை. ஆனால் முன்னால் பார்த்து இரண்டு கையையும் மடக்கிக் காட்டுகிற ஃப்ரண்ட் டபுள் பைசெப்ஸிலும், பின்னால் திரும்பி முதுகின் விங்ஸ் தசையை விரிக்கும்போதும் ஒளிக்க இடமில்லை. கொழுப்பு வற்ற வற்ற வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். அதனால் அடுத்த வருஷப் போட்டியை மனதில் வை. இந்த விடுமுறைக்கு வந்து அவசரமாக ஏறாதே. நாற்பது கடந்தவர்கள் பிரிவுக்கு ஒரு வருஷம் தள்ளிப் போவதால் ஒன்றும் குறையாது. உனக்கு அந்த மேடை வேண்டும் என்று எனக்குத் தெரியும். நன்றாக ஏறவேண்டும் என்பதால்தான் சொல்கிறேன்.

நாம் சின்ன வயதில் அடிமுறை என்கிற தற்காப்புக் கலை படித்த ஆசானைப் போன வாரம் கருங்கல் சந்தையில் பார்த்தேன். நடை தளர்ந்துவிட்டது, கண் மட்டும் அப்படியே இருக்கிறது. உன்னைப் பற்றிக் கேட்டார். வலத்தில் வைத்த சுவடை இடத்திலும் வைக்காமல் அவர் நம்மை வீட்டுக்கு விட்டதில்லை, அதை நினைத்துக்கொண்டேன். லீவில் வரும்போது அவருக்கு ஒரு நல்ல வேட்டி வாங்கி வா.

என் மூத்தவள் நாகர்கோவிலில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். பஸ் நெரிசலைத் தவிர வேறு குறை இல்லை. இளையவனுக்குப் பந்து விளையாட்டுப் பைத்தியம்.

அடுத்த முறை எழுதும்போது கை நீட்டி நிற்கிற படம், பின்னாலிருந்து எடுத்த ஸ்குவாட் வீடியோ இரண்டையும் அனுப்பு. ஸ்குவாட்டில் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுக் கால் பயிற்சியைத் தனியாக எழுதுகிறேன். கழுத்து வலி ஏதாவது இருந்தால் படத்துக்காகக் காத்திருக்காமல் உடனே போன் பண்ணு.

அன்புடன்,
உன் கூட்டுக்காரன்