ஒலியை முந்த வால் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆளில்லாப் போர் விமானம் என்றாலே 'ரேடாருக்குத் தெரியாத, ஒலியை மிஞ்சும்' என்று இரண்டு அடைமொழிகளையும் சேர்த்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்தியாவின் 'காதக்' திட்டமும் இதற்குத் தப்பவில்லை. காதக்குக்கு உத்தேசித்திருப்பது ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசை கூட்டும் அமைப்பு) இல்லாத காவேரி இன்ஜின். உந்துவிசை ஏறத்தாழ 5 டன். அது ஒலியை மிஞ்சுவதற்கான ஏற்பாடு அல்ல. அமெரிக்காவின் எக்ஸ்-47பி, பிரான்ஸ் தலைமையிலான நியூரான், ரஷ்யாவின் எஸ்-70 ஒகோட்னிக் ஆகிய மூன்று ஆளில்லா விமானங்களுமே ஒலிவேகத்துக்குக் கீழே பறப்பவைதான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ரேடார் ஒரு பொருளைக் காணும் தூரம், அப்பொருளின் எதிரொலிப்புப் பரப்பின் (ரேடார் அலையை அது எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு) நான்காம் மூலத்துக்கு ஏற்ப மாறும். எதிரொலிப்பு 16-ல் ஒரு பங்கானால்தான் தூரம் பாதியாகும். இதையே திருப்பிப் போடுவோம். மாக் 0.8-ல் (மாக் 1 என்பது ஒலியின் வேகம்) போகும் விமானத்தை மாக் 1.6-க்குக் கொண்டுபோனால், ரேடாருக்குத் தெரியும் வளையத்தைக் கடக்கும் நேரம் பாதியாகக் குறையும். ஆனால் அந்த வேகத்துக்காகச் செய்த மாற்றங்கள் எதிரொலிப்பை 16 மடங்கு கூட்டினால் வளையம் இரட்டிப்பாகும். லாபம் பூஜ்யம்.

16 மடங்கு என்பது எட்டாத எண் அல்ல. ஒரு சதுர மீட்டர் தட்டையான உலோகத் தகடு 3 செ.மீ. அலைநீள ரேடாருக்கு நேராக நின்றால், அதன் எதிரொலிப்புப் பரப்பு சுமார் 14,000 சதுர மீட்டர். அதனால்தான் செங்குத்து வாலைச் சாய்க்கிறார்கள், அல்லது வெட்டியே எறிகிறார்கள். ஒலிவேகத்தைத் தாண்டும்போதோ, மூக்கை நிமிர்த்தக் கிடைமட்ட வாலோ முன்னிறக்கையோ தேவைப்படுகிறது. இறக்கையின் தூக்குவிசை மையம், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அகலத்தின் கால் பங்கிலிருந்து ஏறக்குறைய பாதிக்குப் பின்வாங்கும். மூக்கு கீழே இறங்கப் பார்க்கும். வாலில்லாத 'பறக்கும் இறக்கை'யில் அதை நிமிர்த்தப் பின்விளிம்பு மடல்கள் மட்டுமே உண்டு. அவை எடைமையத்துக்கு மிக அருகில் இருப்பதால் நெம்புகோல் போதாது. துருக்கியின் ஆளில்லாப் போர் விமானமான கிசிலெல்மா இதற்கு நல்ல சாட்சி. 2022 டிசம்பரில் முதலில் பறந்த அதற்கு முன்னிறக்கையும் இரண்டு சாய்ந்த வால்களும் உண்டு. அதன் ஒலிமீறும் வகைக்கு ஆஃப்டர்பர்னர் கொண்ட வேறு இன்ஜின் என்பது திட்டம்.

அடுத்தது காற்றுக்குழாய். இன்ஜினின் முன்பக்கத்தில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் முகம் ரேடாருக்கு நேராகத் தெரியக் கூடாதென்று குழாயைப் பாம்புபோல் வளைக்கிறார்கள். ஒலிமீறும் காற்றை அதிர்வலைகள் வழியாக மட்டுப்படுத்திய பிறகே கம்ப்ரஸருக்கு விட முடியும். வளைவும் அதிர்வலையும் சேர்ந்தால் அழுத்தம் சீரில்லாமல் போய்ச் சேரும். கம்ப்ரஸர் இருமும், சில சமயம் இன்ஜினே அணையும்.

வெப்பமும் உண்டு. 11 கி.மீ. உயரத்தில் காற்று மைனஸ் 56 டிகிரி. மாக் 0.8-ல் விமானத்தின் மூக்கு நுனி மைனஸ் 29 டிகிரிக்கு வரும், மாக் 1.6-ல் 54, மாக் 2-ல் 117. ரேடாரை ஏய்த்தாலும் அகச்சிவப்புக் கருவியை ஏய்க்க முடியாது. ஆஃப்டர்பர்னர் எரிந்தால் கேட்கவே வேண்டாம்.

எனவே இத்தகைய செய்திகளில் வேகத்தைவிட வேறு சில கேள்விகளுக்கு இடம் தரலாம். இன்ஜினின் வெளிவாய் வட்டமா, அல்லது ரேடாருக்கும் அகச்சிவப்புக் கருவிக்கும் மறைவாகத் தட்டையா? ஒகோட்னிக்கின் முதல் மாதிரியில் அது வட்டமாக, மறைப்பின்றி இருந்தது. 2021 டிசம்பரில் காட்டிய இரண்டாவதில்தான் தட்டையானது. கட்டளைத் தொடர்பு அறுந்தால் விமானம் என்ன செய்யும்? 2024 அக்டோபரில் உக்ரைன் வான்பரப்பில் ஓர் ஒகோட்னிக்கை ரஷ்யப் போர் விமானமே சுட்டு வீழ்த்தியது. கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று செய்திகள் வந்தன.

தானாகத் தரையிறங்குமா என்பதும் முக்கியம். காதக்குக்கு முன்னோட்டமான சிறிய சோதனை விமானம் ஸ்விஃப்ட், 2022 ஜூலை 1 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் முதலில் பறந்தது. 2023 டிசம்பரில் வாலில்லா வடிவத்தில் பறந்து, ககன் செயற்கைக்கோள் வழிகாட்டுதலின் துணையோடு தானே இறங்கியது. அதற்கான உள்மடங்கும் சக்கர அமைப்பைச் செய்தது, அர்ஜுன் டாங்கை வடிவமைத்த ஆவடி ஆய்வகம். ரேடாருக்கு மறையும் (ஸ்டெல்த்) விமானத்தில் சக்கர அறைக் கதவு சில மில்லிமீட்டர் பொருந்தாமல் நின்றாலும் அந்த இடுக்கே ரேடாரில் தெரியும். உங்கள் சென்னைச் செய்தியாளர் ஆவடிக்குப் போனால் கேட்க வேண்டியது இந்தக் கதவைப் பற்றித்தான்.

இப்படிக்கு,
வானூர்திப் பொறியியல் ஆசிரியர்கள் இருவர்,
குரோம்பேட்டை.