ஏற்காட்டுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு மலைப்பாதையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்த படத்தை மே மாதம் உங்கள் நாளிதழில் பார்த்தேன். அந்த வரிசையில் எங்கள் காரும் எங்கேயோ நின்றிருக்கும். அடிவாரத்திலிருந்து மலை மேலே ஒண்டிக்கடை போய்ச் சேர மூன்றரை மணி நேரம். பதினோராவது கொண்டை ஊசி வளைவில் பேத்தி வாந்தி எடுத்துவிட்டாள், வண்டியை ஓரம் கட்டக்கூட இடமில்லை.

இதே போன்ற தொல்லையை வேறோர் ஊர் எப்படிச் சமாளிக்கிறது என்று போன ஆகஸ்டில் பார்த்தேன். இத்தாலியில் வேலை பார்க்கும் மகள் எங்களை அமால்ஃபி என்கிற பழைய கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனாள். சலெர்னோ என்ற நகரத்தில் இறங்கிப் போக வேண்டும், பெயரைக் கேட்டதும் "இங்கேயும் ஒரு சேலமா?" என்றாள் என் மனைவி. அமால்ஃபி ஒரு காலத்தில் வெனிஸ், ஜெனோவா, பீசாவோடு போட்டி போட்டுக் கப்பல் விட்ட ஊர். இத்தாலியக் கடற்படைக் கொடியில் அதன் சின்னம் இன்னமும் இருக்கிறது. 1343இல் கடல் பொங்கி ஊரின் கீழ்ப்பகுதியை வாரிக்கொண்டு போனதாம். இப்போது அங்கே வசிப்பவர்கள் ஏறக்குறைய 5,000 பேர்தான். 62 படி ஏறினால் தேவாலயம், அதன் வெண்கலக் கதவு 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வார்த்தது. செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருஷம் வெள்ளி உருக்கியவன் நான், கதவை விட்டு நகர மனசே வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கேயும் மலையைக் குடைந்து போட்ட ஒடுக்கமான ரோடுதான், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கிடுகிடு பள்ளத்தில் கடல், நம் பஸ் டிரைவர்கள் மாதிரியே வளைவுக்கு வளைவு ஹாரன். ஆனால் ஆகஸ்டு முழுக்க காலை 10 முதல் மாலை 6 வரை நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் கார்களை விடுகிறார்கள். ஒற்றைப்படைக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள். ஊர்க்காரர்களுக்கும் பஸ், டாக்சிக்கும் தடை இல்லை. நாங்கள் சலெர்னோவிலிருந்து படகில் போனோம், அரை மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும், மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய பாத்திகளில் எலுமிச்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போனதில் நேரம் தெரியவில்லை. அந்த எலுமிச்சையைத் தோலோடு நறுக்கிச் சர்க்கரை தூவித் தின்கிறார்கள்.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. திரும்பும்போது பஸ் நாற்பது நிமிஷம் தாமதம், வந்ததும் வரிசையாவது ஒன்றாவது, எல்லாரும் முண்டியடித்தார்கள். ரோடு மட்டும் அடைத்துக்கொள்ளவில்லை.

நமக்குக் கடலும் இல்லை, படகும் ஏரியோடு சரி. ஆனால் குப்பனூர் வழி இன்னொரு பாதை இருக்கிறது, பஸ் இருக்கிறது. சனி, ஞாயிறும் கோடை விழா நாட்களிலும் வெளியூர்க் கார்களுக்கு மட்டும் இந்த முறையைக் கொண்டுவந்து பார்க்கலாமே. மலைக்கிராமத்துக்காரர்கள், எஸ்டேட் தொழிலாளிகள், காய்கறி வண்டி, ஆம்புலன்ஸ் இவர்களுக்கு விலக்கு கொடுக்க வேண்டும். அடிவாரத்தில் கார்களை நிறுத்த இடம் விட்டு, அங்கிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு மினி பஸ் விட வேண்டும். பஸ்ஸை ஏற்பாடு செய்யாமல் கார்களை மட்டும் தடுத்தால் ஜனங்கள் திட்டத்தான் செய்வார்கள். விடுதிக்காரர்களும் முதலில் கூச்சல் போடுவார்கள். ஆனால் மூன்றரை மணி நேரம் ரோட்டில் காய்ந்துவிட்டு வருகிறவன் அவர்கள் ஓட்டலில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடவா போகிறான்?

அடுத்த கோடை விழாவுக்குள் மாவட்ட நிர்வாகம் இதை யோசிக்கட்டும். காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு பஸ் ஏற நான் தயார், பேத்திக்கு ஜன்னலோர சீட் கிடைத்தால் போதும்.

- ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்