படத்தில் இருப்பது ஜரராக்கா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் 'அமேசான் காட்டின் கொடிய ஜரராக்கா' என்று, அந்த விஷப்பாம்பின் படமென ஒன்றைப் போட்டிருந்தீர்கள். படத்தில் இருப்பது தோர்மிதெய்ரா என்னும் விஷமற்ற பாம்பு. போகட்டும், அசல் ஜரராக்காவாவது அமேசானில் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அது தென்கிழக்கு பிரேசில் பக்கத்துப் பாம்பு. ஒரே வரியில் இத்தனை பிழை செய்யத் தனித் திறமை வேண்டும்.

வேலை நிமித்தம் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் நெடுங்காலம் குடியிருந்தவன் நான். தோர்மிதெய்ரா அங்கே வீட்டுத் தோட்டத்திலேயே வரும். ஏறத்தாழ ஒரு முழ நீளம், பழுப்பு உடலில் கரும்பட்டைகள். பகலெல்லாம் கல்லுக்கடியில் பதுங்கிக் கிடந்துவிட்டு இரவில் வெளியே வரும். ஓடில்லா நத்தை ஊர்ந்த வழவழப்பை நாக்கால் துழாவிக்கொண்டே போய், நத்தையைக் கவ்வி, தாடையை மாற்றி மாற்றி நகர்த்தி விழுங்கும். கீரைப் பாத்தியைக் காக்க இதைவிட நல்ல காவல் ஏது? மிரண்டால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டுமே தவிர, கடிக்க வராது. அந்த முக்கோணத்தைப் பார்த்துத்தான் விஷப்பாம்பு என்று அடிக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் மண்வெட்டியால் வெட்டிப் போட்டதன் வாயில் பாதி நத்தை இருந்தது.

படத்துக்குக் கீழே தாங்கள் அருளிய அறிவுரைதான் என்னை எழுத வைத்தது: 'தலை முக்கோணமாகவும் கண்மணி செங்குத்துக் கீற்றாகவும் இருந்தால் விஷப்பாம்பு.' தோர்மிதெய்ராவுக்கும் கண்மணி கீற்றுத்தான். அதே பிரேசிலின் பவளப்பாம்புக்கோ தலை முக்கோணமில்லை, கண்மணி வட்டம். கடித்தால் ஆளைக் கொல்லும். அவ்வளவு தூரம் போவானேன், நம் நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் கண்மணி வட்டம்தான் என்பது தங்களுக்குத் தெரியாததா? இதைப் படித்துவிட்டு ஒரு பையன் கட்டுவிரியனைக் கையில் எடுத்தால் யார் பொறுப்பு?

இதே பக்கம்தான் முன்பு அனகோண்டாவை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவைத்தது. பாம்பு பால் குடிக்கும் என்றும் ஒரு துணுக்கு வந்தது. அப்போது எழுதிய நீண்ட மறுப்பில், மரியாதைக்காக முதலில் எழுதிய பாராட்டு வரியை மட்டும் அச்சிட்டீர்கள். தங்கள் கத்தரிக்கோலுக்கு நன்றி.

இந்த முறை பாராட்டு வரி வைக்கவில்லை. கடிதத்தை வெளியிடவும் வேண்டாம். அடுத்த இதழில், அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில், படமும் தவறு, அறிவுரையும் தவறு என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்
திருச்சி